பசிக்கு நிதியாண்டு உண்டோ?

அலை ஓய்ந்த பின் தலை முழுகலாம் என்று கரையில் அமர்ந்திருப்பவனின் கதையைத் திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கடல் ஓய்வதில்லை, காத்திருப்பவன் குளிப்பதுமில்லை. ஆனால், காத்திருப்பவர் குளிக்க வந்த பெரியவராக இல்லாமல் உண்ண வந்த குழந்தையாக இருந்தால் என்செய்வது? "பணம் அடுத்த காலாண்டில் வரும்" என்னும் கடிதத்தை அக்குழந்தையின் கோப்பையில் பரிமாற முடியுமா?

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பணிபுரியும் தொண்டு ஸ்தாபனங்கள் நம் மாகாணத்தில் பல உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் இல்லங்கள், முன்பள்ளிகள், கணவரின் கொடுமைக்கு அஞ்சி வந்த பெண்களுக்கு அடைக்கலம் தரும் நிலையங்கள், தையலும் நெசவும் பழக்கும் மாதர் சங்கங்கள் என அவை பலவகைப்படும். இவற்றைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பணம் போதுமா, போதாதா என்றே பேசுகிறோம். பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், பணம் நிச்சயமா என்பதே பெரிய கேள்வி என்பது என் கருத்து. குறைந்த வருமானத்திற் குடும்பம் நடத்தும் ஆற்றல் நம் தாய்மாருக்கு நிரம்ப உண்டு. எப்போது வரும், வருமா வராதா என்று தெரியாத வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்த எவராலும் இயலாது. குடும்பத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை தொண்டு இல்லங்களுக்கும் பொருந்துமன்றோ?

லிங்கநகரிலிருந்து பார்க்கையில்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியது லிங்கநகர். மட்டிக்களி, பாலையூற்று முதலிய அயற்பகுதிகளைப் போலவே இங்கும் கடற்றொழிலாளர், கூலித்தொழிலாளர், சிறு உத்தியோகத்தர் எனப் பலதரப்பட்டோர் வாழ்கின்றனர். ஆண் துணையின்றித் தனியே குடும்பப் பாரத்தைச் சுமக்கும் பெண்கள் இப்பகுதிகளிற் குறைவல்லர். போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010 இல், அரசாங்கத் தரப்பில் வெளியிடப்பட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் போரினாற் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர். அவருள் 49,000 பேர் கிழக்கு மாகாணத்தவர். அதற்கு முன்னரே, 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இத்தீவில் 35,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எனத் திருகோணமலைக் கரையோரமெங்கும் தாயற்ற பிள்ளைகளையும் பிள்ளையற்ற தாயரையும் அது விட்டுச் சென்றது. பிழைப்புத் தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் பாட்டிமார் கையில் வளர்வதும் இங்கே அன்றாடக் காட்சி.

இத்தகைய குடும்பங்களின் வாசற்படி வரை அரசாங்கத்தின் கை எப்போதும் எட்டுவதில்லை. எட்டாத இடத்துக்குத் தொண்டர் ஒருவர் துவிச்சக்கர வண்டியிலோ நடந்தோ போகிறார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டது, எந்தப் பெண்ணின் முகத்தில் அடிபட்ட தழும்பு இருக்கிறது என்பவை அவருக்குத் தெரியும். இந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை; அவர் மனத்திலேயே இருக்கிறது. அவருடைய சம்பளம் நின்றால் அந்த அறிவும் அவரோடு புறப்பட்டுப் போய்விடும்.

லிங்கநகரில் மாதர் சங்கத்தார் சிலர் நடத்திய மாலை வகுப்பொன்றை நான் அறிவேன். இருபது பிள்ளைகள், இரண்டு இளம் ஆசிரியைகள், ஒரு கரும்பலகை, பிள்ளைகளுக்கு அவித்த கடலை. அதன் செலவு ஒரு கல்யாண வீட்டுப் பந்தற் செலவுக்கும் ஈடாகாது. ஓர் ஆண்டின் தொடக்கத்தில், அதற்குக் கிடைத்து வந்த உதவிப் பணம் "மீளாய்வில் உள்ளது" என்று அறிவிக்கப்பட்டது. நிறுத்திவிட்டோம் என்றும் சொல்லவில்லை. தருவோம் என்றும் சொல்லவில்லை. ஆசிரியைகள் இருவரும் இரண்டு மாதம் ஊதியமின்றிக் கற்பித்தனர். மூன்றாம் மாதம் ஒருத்தி புடைவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவள் தன் ஊருக்குத் திரும்பினாள். ஆறாம் மாதம் பணம் வந்தது. அறை இருந்தது, கரும்பலகை இருந்தது, ஆசிரியைகள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவ்வாண்டின் கணக்கறிக்கையில் அந்த உதவி முழுவதும் வழங்கப்பட்டதாகவே எழுதப்பட்டிருக்கும். எழுத்தில் அது பொய்யுமன்று. ஆயினும், அப்பிள்ளைகளிற் சிலர் மேல் வகுப்புக்கு வந்தபோது ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்க இயலாமல் இடர்ப்பட்டதை ஆசிரியன் என்ற முறையில் நான் கண்டேன்.

பணம் வரும் வழி

இலங்கையிற் சிறுவர் இல்லங்களைப் பதிவு செய்து மேற்பார்வை செய்வதற்கு 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் வழிவகுத்தது. 1956 இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் நிறுவப்பட்டது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் இப்பணியின் பெரும் பகுதி மாகாணங்களின் பொறுப்பாயிற்று. எனவே, தொண்டர்கள் நடத்தும் இல்லத்துக்கு அரசாங்கம் அளிக்கும் உதவி பெரும்பாலும் மாகாணத் திணைக்களத்தின் வழியே வருகிறது. மாகாணத்துக்கோ தன் செலவுக்கு வேண்டிய பணத்தின் பெரும் பங்கு கொழும்பிலுள்ள திறைசேரியிலிருந்து வர வேண்டும். மேல் வாய்க்காலில் நீர் தட்டினால் கடைமடை வயல் காய்வது போல, கொழும்பில் ஒரு மாதம் தாமதமானால் திருகோணமலையில் இரண்டு மாதம் தாமதமாகிறது. இல்லத்துச் சமையலறைக்கு வந்து சேர மூன்று மாதமாகிறது.

மேல் வாய்க்கால் அண்மைக் காலத்தில் எத்தனை முறை தட்டியிருக்கிறது என்பதைச் சிறிது நோக்குவோம். இலங்கையின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. அதற்கு முன்னரே வரவு செலவுத் திட்டம் நிறைவேறிவிடுவதே முறை. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி எழுந்த அரசியற் குழப்பத்தின் விளைவாக, 2019 இன் முதல் நான்கு மாதங்கள் இடைக்காலக் கணக்கறிக்கையைக் கொண்டே கடத்தப்பட்டன. தேர்தல்களும் கொள்ளை நோயும் குறுக்கிட்ட 2020 ஆம் ஆண்டோ ஏறத்தாழ முழுவதுமே இத்தகைய இடைக்கால ஏற்பாடுகளால் ஓடியது. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் அடுத்தடுத்து நடைபெற்றமையால், 2025 இன் வரவு செலவுத் திட்டம் அவ்வாண்டு பெப்ரவரி 17 ஆம் திகதியே சமர்ப்பிக்கப்பட்டு மார்ச் 21 ஆம் திகதி நிறைவேறியது. ஏழு ஆண்டுகளுள் மூன்று ஆண்டுகள் இவ்வாறு தொடங்கின.

இடைக்காலக் கணக்கறிக்கை நாட்டின் அன்றாடக் காரியங்கள் நின்றுவிடாமற் காப்பது உண்மையே. அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளமும், வைத்தியசாலைகளின் மருந்தும், கடனின் வட்டியும் அதிற் செல்லும். ஆனால், புதிய பணிக்கும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய பழைய பணிக்கும் அது துணிவு தருவதில்லை. "முழுத் திட்டம் வரட்டும்" என்பதே மேசைதோறும் கிடைக்கும் விடை. அந்த விடையைச் சொல்லும் உத்தியோகத்தரைக் குறை கூறுவதிற் பயனில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கிழக்கு மாகாணத்துக்கு இன்னுமொரு குறையும் உண்டு. 2008 இல் முதற் தேர்தலைக் கண்ட கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின் எட்டு ஆண்டுகள் கடந்தும் புதிய சபை தேர்ந்தெடுக்கப்படவில்லை; ஆளுநரின் நிருவாகமே தொடர்ந்து வருகிறது. நிருவாகம் நடக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், "இந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை?" என்று சபையில் எழுந்து கேட்கும் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நிலை, ஏழைத் தாய்மாருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் சிறிய குறையன்று.

ஓர் இல்லத்தின் கணக்கு

முப்பது பிள்ளைகள் வாழும் இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், நாளொன்றுக்கு 9 கிலோ. மாதம் ஒன்றுக்கு 270 கிலோ. 2024 டிசெம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலையாகிய 230 ரூபாவின்படி அரிசிக்கு மட்டும் மாதம் 62,100 ரூபா வேண்டும். பருப்பு, மீன், மரக்கறி, தேங்காய், பால்மா, சவர்க்காரம், மருந்து, பாடசாலைக் கொப்பி, பஸ் கட்டணம், மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல், சமையற்காரியின் கூலி, இரவுக் காவலாளியின் கூலி என்பவையெல்லாம் இதற்கு மேல்.

நான்கு மாதம் உதவி வராவிட்டால் இல்லத்தார் என்ன செய்வர்? முதல் மாதம் பலசரக்குக் கடைக்காரர் கடன் தருவார். இரண்டாம் மாதம் முகத்தைப் பார்க்காமற் தருவார். மூன்றாம் மாதம் பழைய சிட்டையை எடுத்துக் காட்டுவார். அவரும் குடும்பக்காரர், அவரை நோவதில் நியாயமில்லை. பிறகு கோப்பையில் மீன் குறையும். அதன் பின் முட்டை மறையும். இறுதியிற் சோறும் சம்பலும் மிஞ்சும். பணம் கடைசியில் வந்து சேரும்போது அது பழைய கடனுக்கே போய்விடும். வளரும் வயதில் நான்கு மாதம் போஷாக்கிழந்த உடலுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் "நிலுவைப் பணம்" என்று ஒன்று உலகில் இல்லை.

இந்நான்கு மாதங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களாக அமைவது எத்துணைக் கொடுமை என்பதைக் கீழைக் கரையில் வாழும் நாம் அறிவோம். வாடைக் காற்று வீசும் பருவத்திற் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறிக் கிடக்கும்; கடற்றொழிலாளர் வீட்டில் வருமானம் சுருங்கும். புதிய பாடசாலை ஆண்டின் செலவும் அப்போதுதான் வந்து நிற்கும். உதவி அதிகமாக வேண்டப்படும் காலமும், உதவி வராது தடைப்படும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

2025 இன் வரவு செலவுத் திட்டத்தில், சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கும் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும் மாதம் 5,000 ரூபா உதவித் தொகை அறிவிக்கப்பட்டது. முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் காலை உணவுக்கான தொகை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவை பாராட்டத்தக்க ஏற்பாடுகள். எனினும், பிள்ளைக்கென்று கொடுக்கும் பணம் பிள்ளைக்கு உரியது. அப்பிள்ளையை இரவிற் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லும் பராமரிப்பாளரின் ஊதியம் வேறு வழியிலேயே வர வேண்டும். அந்த வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது.

அடைக்கலம் தேடி வந்தவள்

உணவாவது கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, துன்புறுத்தப்படும் பெண் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரை வலுவில் இருக்கக்கூடும். ஆனால், அப்பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் படுக்க இடம் தரும் நிலையத்தின் நிதி ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ உரியதாக இருந்தால், சட்டம் கொடுத்த பாதுகாப்பை வாடகைச் சிட்டை பறித்துவிடுமன்றோ?

ஒரு பெண் தன் வீட்டுத் துன்பத்தை வெளியே சொல்ல எடுத்துக்கொள்ளும் காலம் சில வேளை பல ஆண்டுகள். மானம், பிள்ளைகளின் எதிர்காலம், உறவினரின் பேச்சு ஆகிய மூன்று மதில்களைத் தாண்டியே அவள் வருகிறாள். வந்து கதவைத் தட்டும் நாளில் அது பூட்டிக் கிடந்தால் அவள் இரண்டாம் முறை வருவது அரிது. இல்லம் மறுபடி திறக்கப்பட்டதைப் பத்திரிகையில் அறிவிக்கலாம். உடைந்த நம்பிக்கையை எந்த அறிவித்தலாலும் ஒட்டவைக்க இயலாது. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களின் உதவிக்கு 1938 என்னும் தொலைபேசி இலக்கங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. இதனை வாசிக்கும் தாய்மார் அவற்றை அடுக்களைச் சுவரில் எழுதி வைத்தல் நன்று. ஆனால், தொலைபேசியில் அழுபவளுக்கு "இந்த இடத்துக்குப் போங்கள்" என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பெரும்பாலும் தொண்டர்களே காத்து வருகின்றனர்.

கடல் கடந்து வந்த பணம்

அரசாங்கப் பணம் என்றால் நம் அரசாங்கத்தின் பணம் மட்டுமன்று. பிற நாட்டு அரசாங்கங்களின் உதவியும் நெடுங்காலமாக நம் தொண்டு ஸ்தாபனங்களைத் தாங்கி வந்தது. ஆழிப்பேரலையின் பின் அது வெள்ளமாக வந்தது. திருகோணமலை வீதிகளில் ஸ்தாபனங்களின் பெயர்ப் பலகைகள் மரங்களை விட அதிகமாக நின்ற காலத்தை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். பின்னர் வெள்ளம் வடிந்தது. 2010 இல் இலங்கை நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டதும், உதவி வழங்கிய நாடுகள் பல தம் கவனத்தை வேறு திசைக்குத் திருப்பின. தேசத்தின் சராசரி வருமானம் உயர்ந்தது. லிங்கநகரிற் கைம்பெண்ணின் வருமானமும் கூடவே உயர்ந்ததா என்று எவரும் கேட்கவில்லை. நோர்வே நாடு கொழும்பிலிருந்த தன் தூதரகத்தையே 2023 இல் மூடிக்கொண்டது.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் வந்தது 2025 ஜனவரி. அம்மாதம் 20 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும் கட்டளையிற் கையொப்பமிட்டார். சில நாட்களுக்குள் உலகெங்கும் நடந்துகொண்டிருந்த வேலைகளை நிறுத்தும்படி கடிதங்கள் பறந்தன. மார்ச் மாதத்தில், யூ.எஸ்.எயிட் ஸ்தாபனத்தின் திட்டங்களில் நூற்றுக்கு 83 இரத்துச் செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1961 இல் ஜோன் கெனடி காலத்தில் நிறுவப்பட்ட அந்த ஸ்தாபனம் 2025 ஜூலை முதலாம் திகதியுடன் தன் பணியை முடித்துக்கொண்டது.

கொடுப்பவர் தம் பணத்தைக் கொடுக்காமல் விடுவதற்கு உரிமையுடையவர்; அதனை நாம் மறுக்க இயலாது. ஆனால், கொடுக்கும் முறையிலும் நிறுத்தும் முறையிலும் தர்மம் உண்டு. தாய்மார் நலனுக்குப் பணிபுரியும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்துக்கான அமெரிக்க உதவி 2017 இல் நின்றது. 2021 இல் மீண்டும் வந்தது. 2025 இல் மறுபடி நின்றது. வாஷிங்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் ஏதோ ஒரு கிராமத்தில் மருத்துவமாதின் பை நிறைவதும் வெறுமையாவதும் எவ்வளவு விபரீதம்!

திரிபோஷா சொல்லும் பாடம்

இத்துணையும் கேட்டபின், "அப்படியாயின் வழியே இல்லையா?" என்று வாசகர் வினவக்கூடும். உண்டு என்பதற்கு நம் வீட்டு அலமாரியிலேயே சான்று இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படும் திரிபோஷா 1973 இல் 'கெயார்' ஸ்தாபனத்தின் துணையோடு தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த தானியக் கலவையே பயன்பட்டது. அவ்வுதவி என்றென்றும் நிலைக்கும் என்று நம்பியிருந்தால், அது நின்ற நாளில் திரிபோஷாவும் நின்றிருக்கும். அவ்வாறு நேரவில்லை. உள்நாட்டுச் சோளமும் சோயா அவரையும் அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. ஆலையும் அரச நிறுவனமாயிற்று. பிறர் உதவி இருக்கும்போதே அது இல்லாத நாளுக்கு வழி தேடியமையே அதன் சிறப்பு.

அதே திரிபோஷா மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. சோளம் கிடைக்காமற் குழந்தைகளுக்கான திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. பாலும் முட்டையும் ஏழை வீட்டுக்கு எட்டாத பொருளான அதே மாதங்களில், எட்டிக்கொண்டிருந்த மாவும் எட்டாமற் போயிற்று. ஆகவே, உள்நாட்டில் வேரூன்றினால் மட்டும் போதாது. பஞ்ச காலத்துக்கென ஒரு சேமிப்பும் வேண்டும் என்பது தெளிவாகிறது.

மறுபக்கத்து நியாயம்

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதிவு செய்யாத இல்லங்களும், கணக்குக் காட்டாத சங்கங்களும் நாட்டில் உண்டு. பிள்ளைகளின் படத்தைக் காட்டிப் பணம் திரட்டுவோரும் இல்லாமல் இல்லை. கணக்காய்வின்றிப் பொதுப் பணத்தைக் கொடுக்க இயலாது என்று உத்தியோகத்தர் சொன்னால் அது சரியே. பிள்ளை இல்லத்தில் வளர்வதினும் பெற்றோரோடோ உறவினரோடோ வளர்வதே சிறந்தது என்னும் கொள்கையும் சரியே. ஆனால், கணக்குக் கேட்பது வேறு, காலந்தாழ்த்துவது வேறு. ஒழுங்காகக் கணக்குக் காட்டுபவருக்கு ஒழுங்காகப் பணம் தரலாம். காட்டாதவருக்கு "இல்லை" என்று முன்கூட்டியே சொல்லலாம். "இல்லை" என்னும் சொல்லைக் கேட்டவர் வேறு கதவைத் தட்டுவார். "பார்ப்போம்" என்னும் சொல்லைக் கேட்டவர் கதவடியிலேயே நிற்பார்.

தமிழகத்தை நோக்கினும் இதே கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1930 இற் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது அரசாங்கத்தின் உதவியைக் காத்திருக்கவில்லை. சுதந்திர இந்தியாவில் தொண்டு ஸ்தாபனங்களுக்கு உதவி வழங்குவதற்கென்றே 1953 இல் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கடந்து, 2023 இல் அந்த வாரியமே மூடப்பட்டது. அரசாங்கத்தின் கை நீண்டதாக இருக்கலாம். அது எப்போதும் நீட்டியபடியே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

நம் திருகோணமலையில் 1923 இற் பெண்களின் கல்விக்கென ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தை நிறுவியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் பெருமாட்டியார். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, ஆசிரியரின் சம்பளம் அரசாங்கத்தின் கடமையாயிற்று. இன்று எந்தப் பாடசாலையும் ஜனவரியில் ஆசிரியர் சம்பளம் வருமா என்று அஞ்சுவதில்லை. சிறுவர் இல்லத்துப் பராமரிப்பாளருக்கு மட்டும் அந்த நிம்மதி இன்றளவும் கிட்டவில்லை. பிள்ளைக்குக் காலை ஏழரை மணி முதல் பிற்பகல் வரை எழுத்தறிவிப்பது அரசாங்கக் கடமை. மற்றப் பதினெட்டு மணி நேரமும் அதே பிள்ளையைக் காப்பது தர்மவான்களின் விருப்பம் என்னும் இந்த வேறுபாட்டுக்கு எந்தத் தர்க்க நூலில் விடை காண்பது?

செய்யத்தக்கவை

அரசாங்கம் செய்யத்தக்கது மூன்று. ஒன்று, உதவியை ஆண்டுக்காண்டு என்றில்லாமல் மூன்றாண்டுக்கு ஒருமுறை உறுதி செய்தல். இரண்டு, இடைக்காலக் கணக்கறிக்கை வரும் ஆண்டுகளிலும் பிள்ளைகளின் உணவுப் பணத்தையும் பெண்களின் அடைக்கல நிலையங்களுக்கான பணத்தையும் வைத்தியசாலை மருந்தைப் போலவே தடையின்றிச் செல்ல விடுதல். மூன்று, பணம் தர இயலாவிடின் அதனை ஆறு மாதத்துக்கு முன்னரே எழுத்திற் சொல்லிவிடுதல். முதலிரண்டுக்கும் பணம் வேண்டும் என்று சொல்லலாம். மூன்றாவதற்கு ஒரு முத்திரைச் செலவே வேண்டும்.

தொண்டு ஸ்தாபனங்கள் செய்யத்தக்கதும் உண்டு. ஒரே கிணற்றை நம்பிப் பயிரிடக் கூடாது. மூன்று மாதச் செலவுக்குரிய சேமிப்பொன்றைத் தொடக்கூடாத பணமாக வைத்தல் வேண்டும். ஊரில் ஓய்வு பெற்றிருக்கும் வங்கி உத்தியோகத்தர் ஒருவரையும் ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக் கணக்கை ஒப்படைத்தால், கணக்கும் தூய்மையாகும். ஊரின் நம்பிக்கையும் பெருகும்.

இனி, நாம் செய்யத்தக்கது. பிறந்த நாளிலும் பெற்றோரின் ஆட்டைத் திவசத்திலும் சிறுவர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்கும் நல்வழக்கம் நம்மிடையே உண்டு. அது போற்றத்தக்கது. ஆனால், தைப்பொங்கலன்றும் சித்திரை வருடப் பிறப்பன்றும் மூன்று குடும்பத்தார் வடை பாயசத்தோடு வந்து நிற்க, அடுத்த செவ்வாய்க்கிழமை எவரும் வராமற் போவதையும் இல்லத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாயசம் கொடுக்கப் பலர் உளர். மின்சாரப் பட்டியலைக் கொடுக்க எவரும் இலர். காவலாளியின் சம்பளத்துக்குத் தம் தாயாரின் பெயரை எழுதிவைக்க எவரும் முன்வருவதில்லை. ஆண்டுக்கொருமுறை 12,000 ரூபாவுக்கு விருந்தளிப்பதிலும், மாதந்தோறும் ஐந்தாம் திகதி 1,000 ரூபாவைத் தவறாமல் வங்கியில் இடுவது பெரிய தர்மம். தொகை ஒன்றே, ஆனால் அதன் பயன் பன்மடங்கு. லிங்கநகரில் அறுபது குடும்பங்கள் இவ்வாறு இணைந்தால், மேலே கண்ட முப்பது பிள்ளைகளின் அரிசிச் செலவு ஏறத்தாழ முழுவதும் அடைந்துவிடும். கொழும்பில் வரவு செலவுத் திட்டம் எப்போது நிறைவேறினும் அந்த அடுப்பு அணையாது.

இது புதிய யோசனையுமன்று. அன்றாடம் உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையிற் போட்டு வைத்த நம் பாட்டிமார் பிடியரிசி என்று இதற்குப் பெயர் சூட்டியிருந்தனர். அவர்கள் பொருளாதாரம் படித்தவரல்லர். ஆயினும், பெருந்தொகையினும் தவறாத சிறுதொகையே பசித்தவரைக் காக்கும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். அரசாங்கம் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று நாம் ஓயாது கேட்போம். கேட்பது நம் உரிமை. கேட்டு முடியும் வரை அந்தப் பானை வெறுமையாக இருக்க விடாதிருத்தல் நம் கடமை.